கணவர் கையெழுத்து கேட்டது யார்? (கருக்கலைப்பு, தீர்ப்புகள், ரீல்ஸ்)

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 8

சுப்ரீம் கோர்ட் 2022லேயே சொல்லிவிட்டது. கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, 24 வாரம் வரை எந்தப் பெண்ணும் கருவைக் கலைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இருந்த உரிமை போய்விட்டது, நமக்கு வந்துவிட்டது. இன்ஸ்டாவில் ஒரு வக்கீல் ஒரே நிமிடத்தில் தெளிவாகச் சொல்கிறார். பிறகு எதற்கு இன்னும் கருக்கலைப்பு உரிமை என்று ஹேஷ்டேக்? நேரில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

எனக்கு அனுபவம் இருக்கிறது. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்த அனுபவம்.

2006 முதல் 2014 வரை திருச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தேன். ஓ.பி. சீட்டு போடுவது, ஃபைல் எடுத்துக் கொடுப்பது, ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவது என் வேலை. "நாள் தள்ளிப் போச்சு, இப்ப வேண்டாம்னு இருக்கோம்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் வந்திருக்காரா?" இல்லை என்றால், "அவரைக் கூட்டிட்டு வாங்க, அவர் கையெழுத்து போட்டாத்தான் டாக்டர் பார்ப்பாங்க." எட்டு வருஷத்தில் எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பினேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அதுதான் சட்டம் என்று நம்பினேன். 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது, பெண்ணின் சம்மதமே போதும், குடும்பத்தாரின் சம்மதத்தையும் சட்டத்தில் இல்லாத காகிதங்களையும் டாக்டர்கள் கேட்கக் கூடாது என்று நீதிபதிகள் எழுதியிருந்ததைப் படித்தேன். சரி, சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் கவுண்டர்களில் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். உங்கள் ரீல்ஸ் வக்கீல் அங்கே வந்து நிற்கப்போவதில்லை.

ஜூன் 9

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த வக்கீலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. தவறான பாதிதான் ஆபத்து. நாளை மறுநாள் நேரம் கிடைக்கும், எழுதுகிறேன்.

ஜூன் 11

"எந்தப் பெண்ணும் 24 வாரம் வரை" என்பது தவறு.

முதலில் இருந்து வருகிறேன். இந்தியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவின்படி கருவைக் கலைப்பது குற்றம். பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் விலக்கு. மற்றபடி மூன்று வருஷம் வரை சிறை, கரு அசையத் தொடங்கியபின் என்றால் ஏழு வருஷம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1860இல் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு கொடுத்த அறிக்கையிலிருந்து வந்ததுதான் கருக்கலைப்பை நிபந்தனையோடு அனுமதிக்கும் 1971ஆம் வருஷத்துச் சட்டம். ஆஸ்பத்திரி பாஷையில் எம்.டி.பி. ஆக்ட்.

அதன் மூன்றாவது பிரிவு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பெண்ணுக்கு இன்ன உரிமை உண்டு என்று தொடங்கவில்லை. இன்னின்ன நிபந்தனைப்படி செய்தால் பதிவு பெற்ற டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார் என்று தொடங்குகிறது. பாதுகாப்பு டாக்டருக்கு. டாக்டர் "சரி" என்றால்தான் அது பெண்ணுக்கு வந்து சேரும்.

2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். அதற்கு மேல் 24 வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், அதுவும் பட்டியலில் உள்ள பெண்களுக்கு மட்டும்: பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்பத்தின்போது திருமண நிலை மாறியவர்கள் (விதவையானவர்கள் அல்லது விவாகரத்து ஆனவர்கள்), உடல் ஊனமுற்றோர், மனநலம் குன்றியோர், சிசுவுக்குப் பெரிய குறை உள்ளவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள். சிசுவின் குறை மிகப் பெரியது என்று மருத்துவக் குழு சொன்னால் வார வரம்பே கிடையாது. 2022 வழக்கு எழுந்தது அந்தப் பட்டியலின் ஒரு வரியில்தான். மணிப்பூரைச் சேர்ந்த 25 வயதுப் பெண் டெல்லியில் இருந்தார். கூட வாழ்ந்தவர் கைவிட்டுவிட்டார். கர்ப்பம் 22 வாரம் தாண்டியிருந்தது. கல்யாணமே ஆகாதவருக்கு "திருமண நிலையில் மாற்றம்" எப்படிப் பொருந்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் ஜூலை 21 அன்று, எய்ம்ஸ் மருத்துவக் குழு ஆபத்தில்லை என்று சொன்னால் செய்யலாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு, கல்யாணம் ஆகாதவருக்கும் அந்த வரி பொருந்தும் என்று செப்டம்பரில் முழுத் தீர்ப்பு எழுதியது. கணவனின் பலாத்காரத்தையும் இந்தச் சட்டத்துக்கு மட்டும் பலாத்காரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதை ரீல்ஸில் யாரும் சொல்வதில்லை.

கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்கள். சாவி இன்னும் டாக்டர் கையில்தான்.

ஜூன் 15

ஒரு வாசகர் என்னைத் திருத்தியிருக்கிறார். கணவர் சம்மதம் வேண்டாம் என்று 2022க்கு முன்பே, 2017இலேயே தெரியும் என்கிறார். தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரி. தன்னைக் கேட்காமல் மனைவி கருவைக் கலைத்துக்கொண்டாள் என்று ஒரு கணவர் மனைவி மீதும் அவள் வீட்டார் மீதும் டாக்டர்கள் மீதும் 30 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2011இல் அவருக்கு எதிராகச் சொன்னது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளிவிட்டது.

அப்போது எந்த ரீல்ஸும் எனக்கு வரவில்லை. நான் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதனால் என் காலத்தில் அது சட்டமாக இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஜூன் 16, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. 1971ஆம் வருஷத்துச் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். நான்கு பக்கம்கூட இல்லை. மூன்றாவது பிரிவில் நான்காவது உட்பிரிவு: கர்ப்பிணியின் சம்மதம் இல்லாமல் எந்தக் கர்ப்பத்தையும் கலைக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்கும் மனநலம் குன்றியவருக்கும் மட்டும் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவர் என்ற சொல் அந்த இடத்தில் இல்லை.

1971இலேயே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே இல்லை.

முதல் நாள் எழுதியதைத் திருத்துகிறேன்: சம்மத விஷயத்தில் சட்டம் மாறவே இல்லை. நான் கேட்ட கையெழுத்து எந்த நாளிலும் சட்டமாக இருந்ததில்லை. சட்டத்தில் இல்லாத ஒன்றைக் கேட்காதே என்று சொல்ல 2017இல் ஒரு முறை, 2022இல் ஒரு முறை, நாட்டின் உச்ச நீதிமன்றம் உட்கார வேண்டியிருந்தது.

ஸ்பின்னிங் மில் பெண் ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். 2011ஆக இருக்கலாம். தனியாக வந்தாள், கையில் சம்பளக் கவர். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், வர முடியாது என்றாள். பொய்யாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம், எனக்கு அது தேவையே இல்லாத விஷயம். "அப்ப மாமியாரையாவது கூட்டிட்டு வாம்மா" என்றேன். சரிக்கா என்று போனவள் திரும்பி வரவில்லை. அவள் ஸ்கேன் ஃபைல் ரொம்ப நாள் அலமாரியில் இருந்தது.

ஜூன் 17

"டாக்டர் சொன்னதைத்தானே செய்தீர்கள்" என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு நன்றி. டாக்டர் சொல்லவில்லை. அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யார் சொன்னார்கள் என்றே ஞாபகம் வரவில்லை.

ஜூன் 23

கேள்வி கேட்டவர் ஹேஷ்டேக் எதற்கு என்றார். அதற்கு என் அண்ணன் மகள் கதையைச் சொல்ல வேண்டும். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் படித்தபோது அவள் ஹாஸ்டல் தோழிக்கு ஒன்பது வாரம். வயது 21. வீட்டில் தெரிந்தால் படிப்பு போய்விடும். முதல் கிளினிக்கில் கணவர் பெயர் கேட்டார்கள். "அத்தை, நீங்கதான் இந்த மாதிரி இடத்துல வேலை பார்த்தீங்களே, என்ன சொன்னா ஒத்துப்பாங்க?" என்று எனக்குப் போன். எனக்குத் தெரிந்த வழி பொய் சொல்வது மட்டும்தான். மெட்டி போட்டுக்கொண்டு போகச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். 2022 தீர்ப்பில் பெண்ணின் சம்மதமே போதும் என்று சொல்லும் பத்தியை மட்டும் படமாக எடுத்து யாரோ ட்விட்டரில் போட்டிருந்தார்கள், கீழே தமிழில் மூன்று வரி விளக்கம். அதை டாக்டர் அம்மாவிடம் போனில் காட்டியிருக்கிறார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டு, "சட்டம் சரிதாம்மா. நாளைக்கு இவ அப்பா வந்து வாசல்ல நின்னா கோர்ட்டா வரும்?" என்று கேட்டாராம். செய்யவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. இன்னொரு டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். அங்கே சம்மதப் படிவத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்தோடு முடிந்தது. கணவர், அப்பா, ஆதார் என்று யாரும் கேட்கவில்லை.

முந்நூறு பத்திகளுக்கு மேல் வளரும் தீர்ப்பை டாக்டரும் படிக்கமாட்டார், ஹாஸ்டல் பெண்ணும் படிக்கமாட்டாள். யாரோ ஒருவர் சரியான பத்தியை வெட்டி, சரியாக மொழிபெயர்த்துப் போட்டதுதான் அன்று வேலை செய்தது. ஹேஷ்டேக்கைப் பற்றி நான் நினைப்பது இவ்வளவுதான்.

திருத்தம், அதே நாள்: "முந்நூறு பத்தி" என்பது வாய்க்கு வந்த எண். நீளமான தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 30

அந்த மாதிரி பதிவுகளுக்குக் கீழே நடக்கும் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நேற்று ஒரு மணி நேரம் கமெண்டுகளைப் படித்தேன். "அக்கா எனக்கு 7 வாரம், மதுரையில டாக்டர் சொல்லுங்க" என்று சொந்தப் படம், சொந்தப் பெயரோடு பெண்கள் கேட்கிறார்கள். உடனே யாரோ ஒருவர் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு "மாத்திரை வீட்டுக்கே வரும்" என்கிறார். அந்தக் கவரில் என்ன வரும், எத்தனை வாரத்துக்கு எது சரி, குழாயில் கரு தங்கியிருந்தால் என்ன ஆகும், எதையும் அவர் கேட்கமாட்டார்.

பெண்கள் அங்கே போவது அறியாமையால் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் நான்கு மருந்துக்கடைகள். டாக்டர் சீட்டோடு போய்க் கேட்டாலும் "அது நாங்க வைக்கிறதில்லைம்மா." விசாரித்தால், கணக்குக் கேட்பார்கள், அதிகாரி வருவார் என்கிறார்கள். சீட்டுக்குக் கடையில் மருந்து கொடுத்தால் வாட்ஸ்அப் வியாபாரிக்கு வேலை இருக்காது.

தயவுசெய்து பொதுவில் உங்கள் வாரக் கணக்கை எழுதாதீர்கள். 2021 திருத்தத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். கலைத்துக்கொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டப்படி அனுமதி உள்ளவரைத் தவிர வேறு யாரிடமும் டாக்டர் வெளியிடக் கூடாது, வெளியிட்டால் ஒரு வருஷம் வரை சிறை. இவ்வளவு காப்பு கொடுத்த பெயரை நாமே கமெண்டில் போட வேண்டாம்.

ஜூலை 1

இன்று முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் இல்லை, பாரதிய நியாய சம்ஹிதை. 312ஆம் பிரிவு 88 ஆகிவிட்டது. படித்துப் பார்த்தேன். மூன்று வருஷம், ஏழு வருஷம், தானே செய்துகொள்ளும் பெண்ணும் குற்றவாளி என்ற விளக்கம், எல்லாம் அப்படியே. 164 வருஷத்துக்குப் பிறகு சட்டத்தின் பெயரை மாற்ற ஒரு வாய்ப்பு வந்தது, அந்த ஒரு வரியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. என் போன் திரையில் இன்று இதைப் பற்றி ஒரு பதிவும் இல்லை.

ஜூலை 14

"ஸ்கேன் சென்டரில் கலைப்பது குற்றம் என்று போர்டே வைத்திருக்கிறார்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த போர்டில் இருப்பது வேறு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் குற்றம். 1994ஆம் வருஷத்துச் சட்டம். உசிலம்பட்டி, சேலம் பக்கம் பெண் சிசுக்களுக்கு நடந்ததை மறந்தவர் நம் ஊரில் யாரும் இல்லை. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் வந்தது அதனால்தான். அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். போர்டைப் பார்க்கும் பெண் "கலைத்தால் போலீஸ்" என்று படித்துக்கொள்கிறாள். நானும் அப்படித்தான் வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இணையத்திலும் இது நடந்தது. 2008இல் சாபு ஜார்ஜ் என்பவர், பாலினம் கண்டறியும் விளம்பரங்கள் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் தேடுபொறிகளில் வருகின்றன என்று உச்ச நீதிமன்றம் போனார். 2016, 17இல் அடுத்தடுத்து உத்தரவுகள் வந்தன. குறிப்பிட்ட சொற்களில் விளம்பரம் தேடினால் தானாகவே தடுக்க வேண்டும், புகார் வாங்க அரசு ஒரு பொது அலுவலகம் வைக்க வேண்டும், கம்பெனிகள் தங்களுக்குள் நிபுணர் குழு அமைக்க வேண்டும் என்று. நல்ல நோக்கம். இருந்தாலும் எதைத் தேடலாம், எதைத் தேடக் கூடாது என்று ஒரு நீதிமன்றம் தேடுபொறியிடம் சொல்லத் தொடங்கினால், ஆராய்ச்சி செய்பவருக்கும் பயந்துபோய்த் தேடும் பெண்ணுக்கும் அது எங்கே போய் நிற்கும் என்ற கவலையும் எனக்கு உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்கிறேன். விடை இன்னும் கிடைக்கவில்லை.

ஜூலை 21

பதினேழு வயதுப் பெண்களைப் பற்றிக் கேட்ட ஆசிரியைக்கு: ஆம், போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். காதலித்து ஓடிப்போன பெண்கள் அதனால்தான் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை, பையன் ஜெயிலுக்குப் போவான் என்ற பயம். 2022 தீர்ப்பு இதையும் தொட்டது. பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் தகவல் கொடுக்கும்போது அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 2023இல் இதை எடுத்துச் சொன்னது. உங்கள் ஊர் மகப்பேறு டாக்டரிடம் இதை அச்சடித்துக் கொடுங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஆகஸ்ட் 4

"கரு உயிர் இல்லையா?" இந்த இழையில் ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேர் திட்டிக் கேட்டார்கள், இரண்டு பேர் வருந்திக் கேட்டார்கள். இருவருக்காக எழுதுகிறேன்.

2023 அக்டோபரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 27 வயது, இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பின் வந்த மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறார். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் தீட்டு வரவில்லை, கர்ப்பம் என்றே தெரியவில்லை. தெரிந்தபோது ஏறக்குறைய 24 வாரம் ஆகிவிட்டது. அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஹிமா கோலி, நாகரத்னா அமர்வு கலைக்க அனுமதித்தது. மறுநாள் எய்ம்ஸ் டாக்டர் ஒருவர், சிசு உயிரோடு பிறக்க வாய்ப்புள்ளது, இதயத் துடிப்பை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று மின்னஞ்சலில் கேட்டார். 11ஆம் தேதி அந்த இரண்டு நீதிபதிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். 16ஆம் தேதி மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள். அப்போது 26 வாரம், 5 நாள்.

ஒரு வருஷம் முன்னால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே சந்திரசூடை, தலைமை நீதிபதியாகி இந்த மூவரில் ஒருவராக இருந்ததால், அன்று ட்விட்டரில் திட்டித் தீர்த்தார்கள். எதிர்ப்பக்கம் "இதயத் துடிப்பு" என்ற ஒரு சொல்லை வைத்து அந்தத் தாயைக் கொலைகாரி என்றார்கள். இரண்டு பக்கத்திலும் அந்தப் பெண்ணின் மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசியவர் குறைவு.

நான் அந்த டாக்டரின் இடத்தில் இருந்திருந்தாலும் கை நடுங்கியிருக்கும். 26 வாரத்தில் பிறந்து பிழைத்த குழந்தையை எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திருச்சிக்கு அனுப்பி, பிறகு அது நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அதே நேரம், அந்தப் பெண் ஒரே வாரத்தில் "ஆம்" வாங்கி, "இல்லை"யும் வாங்கினார். முதல் நாளே வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கொடுமை இல்லை. உயிர் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த உயிரைச் சுமப்பவரும் உயிர், அவரிடம் கேட்காமல் நான் முடிவு சொல்லமாட்டேன். இதற்கு மேல் எனக்கு வாதம் செய்யத் தெரியாது.

ஆகஸ்ட் 5

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். பால் கொடுக்கும்போது தீட்டு வராமல், கர்ப்பம் தெரியாமல் போவது எனக்கும் நடந்தது.

2009. இரண்டாவது மகனுக்குப் பதினோரு மாதம். எனக்குச் சந்தேகம் வந்து ஸ்கேன் பார்த்தபோது 13 வாரம். அப்போதைய சட்டப்படி 12 வாரம் தாண்டினால் இரண்டு டாக்டர்கள் கையெழுத்து வேண்டும். எங்கள் டாக்டர் பக்கத்து ஊர் அம்மாவுக்குப் போன் செய்தார், அவர் மதியம் வந்தார், மாலைக்குள் முடிந்தது. நான் வேலை செய்த இடம், எனக்குத் தெரிந்த முகங்கள். என் கணவர் வந்து நான் நீட்டிய ஃபாரத்தில் கையெழுத்து போட்டார். ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. நான் அழவில்லை. மறுவாரம் வேலைக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவரிடம் "வீட்டுக்காரர் வந்திருக்காரா" என்று கேட்டேன்.

கழுத்தில் தாலி இருந்தது, அவர் பக்கத்தில் நின்றார். எனக்குச் சட்டம் தேவைப்படவே இல்லை. தேவைப்பட்டவர்களுக்குத்தான் நான் சட்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் நாத்தனார் கதை வேறு. ஒரு அரசு ஆஸ்பத்திரியில், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் கலைப்போம் என்றார்கள். 26 வயதில் சம்மதித்தார். அப்படி ஒரு நிபந்தனையும் சட்டத்தில் கிடையாது.

ஆகஸ்ட் 6

தனிச்செய்தி அனுப்பிய எல்லோருக்கும்: படித்தேன். அழுகையோடு படித்தேன். பதில் ஒவ்வொன்றாக வரும்.

செப்டம்பர் 1

கலைக்கச் சொல்லும் கட்சி என்று என்னைச் சொன்னவருக்கு இரண்டு வழக்குகள்.

2009இல் சண்டிகரில், அரசுக் காப்பகத்தில் இருந்த ஆதரவற்ற பெண், லேசான மனவளர்ச்சிக் குறை உள்ளவர், அங்கேயே பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமானார். உயர் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. அந்தப் பெண் எனக்குக் குழந்தை வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிள்ளை பெறுவதும் பெறாமல் இருப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடக்கம் என்று அன்றுதான் சொன்னார்கள். பின்னால் பல தீர்ப்புகள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டே வந்தன. குழந்தையை வைத்துக்கொள்ள விரும்பிய ஒரு பெண் வாங்கிக் கொடுத்த வரி அது.

இந்த ஏப்ரலில் மும்பையில் 14 வயதுச் சிறுமி, ஏறக்குறைய 30 வாரம். 22ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் கலைக்க அனுமதித்தார்கள். பெற்றோர் மனம் மாறியதும் 29ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். கர்ப்பமானவரின் விருப்பம்தான் முதலில் என்று எழுதினார்கள். 14 வயதில் அது அவள் விருப்பமா, பெற்றவர்களின் பயமா, எனக்குத் தெரியாது. தலைப்புச் செய்தியை மட்டும் பகிர்ந்தவர்களுக்கும் தெரிந்திருக்காது.

செப்டம்பர் 28

பாதுகாப்பான கருக்கலைப்புக்கான சர்வதேச நாள் இன்று. என் திரை முழுக்க பச்சைக் கைக்குட்டை. கருக்கலைப்பு உரிமை கேட்டு அர்ஜென்டினாப் பெண்கள் கட்டியது, 2020 டிசம்பரில் அங்கே அந்த உரிமை சட்டமானது. நல்லது.

எனக்கு இன்று நினைவு வருவது சவிதா ஹலப்பனவர். பெலகாவிப் பெண், பல் டாக்டர். அயர்லாந்தில் கால்வே நகரத்தில் 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கியபோது, சிசுவுக்குத் துடிப்பு இருக்கிறது என்று காத்திருக்க வைத்தார்கள். ரத்தத்தில் கிருமித்தொற்று பரவி 2012 அக்டோபர் 28 அன்று இறந்தார். அங்கே 1983இலிருந்து அரசியல் சாசனத்திலேயே தடை இருந்தது. 1992இல் 14 வயதுப் பெண் ஒருத்தியின் வழக்கில், தற்கொலை அபாயம் இருந்தால் கலைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கான சட்டம் வரவே 21 வருஷம் ஆனது, அதுவும் சவிதா இறந்த பிறகு. சாசனத்தை நீதிமன்றத்தால் மாற்ற முடியாது, மக்கள் வாக்குதான் வேண்டும். 2018 மே 25 அன்று வாக்களிக்க வெளிநாட்டில் இருந்தவர்கள் "வீட்டுக்கு வாக்களிக்க வருகிறேன்" என்று ஹேஷ்டேக் போட்டு விமானம் ஏறினார்கள். அந்த மாதம் கூகுள் வாக்கெடுப்பு விளம்பரங்கள் எல்லாவற்றையும் நிறுத்தியது, ஃபேஸ்புக் வெளிநாட்டு விளம்பரங்களை நிறுத்தியது. 66.4 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னார்கள். டப்ளின் சுவரில் வரைந்த சவிதா முகத்தைச் சுற்றி மக்கள் சீட்டு எழுதி ஒட்டினார்கள்.

அந்த 1992 பெண்ணுக்கும் நீதிமன்றத்தில் பெயர் "எக்ஸ்". நம் 2022 பெண்ணுக்கும் "எக்ஸ்". பெயரை மறைத்தது சரிதான், அவர்களுக்கு வாழ்க்கை இருக்கிறது. அங்கே நாட்டை அசைத்தது பெயரும் முகமும் தெரிந்த பெண், அதுவும் செத்த பிறகு. எங்கள் மில் பெண்ணுக்கு எக்ஸ் என்ற எழுத்துகூட இல்லை.

அக்டோபர் 20

ஜூன் 17 அன்று, கணவர் கையெழுத்து கேட்கச் சொன்னது யார் என்று ஞாபகம் இல்லை என்று எழுதினேன். நேற்று தெரிந்துவிட்டது.

பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இப்போது ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு 23 வயது, என்னை அக்கா என்கிறாள். சம்மத ஃபாரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். மங்கிய ஜெராக்ஸ். கீழே இடது பக்கம் "நோயாளி கையொப்பம்", வலது பக்கம் "கணவர் / பாதுகாவலர் கையொப்பம்". பாதுகாவலரில் "ர்" விட்டுப்போய், பேனாவால் சேர்த்திருக்கிறது.

அந்தப் பேனா எழுத்து என்னுடையது. 2008இல் ஃபாரம் தீர்ந்துபோய், டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து புதிதாக அடிக்கச் சொன்னது நான். சிசேரியன் ஃபாரத்தில் இருந்த கடைசி வரியை இதிலும் போடச் சொன்னேன், பக்கம் காலியாக இருந்ததே என்று. டாக்டர் படித்துப் பார்க்காமல் சரி என்றார். பதினாறு வருஷமாக அதன் ஜெராக்ஸ்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அரசு விதியில் இதற்கென்றே படிவம் சி என்று ஒன்று இருக்கிறது. கணவர் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை.

நவம்பர் 3

படிவம் சி வாசகத்தைத் தமிழில் அடித்து, ஒரே கையொப்பக் கோடு வைத்து, நூறு பிரதி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை நேரில் போனேன். டாக்டருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. 2022 தீர்ப்பின் அந்தப் பத்தியையும் வைத்துக் கொடுத்தேன். படித்தார். பழைய ஃபாரத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். பிரதிகளை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

வெளியே வரும்போது ரிசப்ஷன் பெண் என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, அதுவரைக்கும் நான் என்ன கேக்கறது?" என்றாள். பெயர், வயசு, எத்தனை நாள் ஆச்சு, இது மூணு மட்டும் கேள் என்றேன். கைப்பையில் ஒரு பிரதி மிச்சம் இருந்தது, அதை அவளிடம் கொடுத்தேன்.